ஆறு பெட்டிக்கும் ஆறு ஒலி: லினக்ஸில் சிக்கனமாக 5.1

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பார்க்கும் வீடுகள் பல உண்டு. கூடவே ஒரு 5.1 ஹோம் தியேட்டர் செட்டும் இருக்கும். முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, மூலையில் ஒரு சப்வூஃபர். ஆறிலும் சத்தம் வரும். ஆனால் ஒவ்வொரு பெட்டியருகிலும் காதை வைத்துக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் வருவது ஒரே சத்தம்தான். பின்னால் மட்டும் கேட்க வேண்டிய மழை முன்னாலும் பெய்கிறது. நடுவில் கேட்க வேண்டிய வசனம் முதுகுப் பக்கமிருந்தும் வருகிறது. படத்தின் ஒலிக்கலவையாளர் ஆறு தடங்களாகப் பிரித்து வைத்ததெல்லாம் வழியில் எங்கோ இரண்டாகச் சுருங்கி, அந்த இரண்டு மறுபடி ஆறு பெட்டிக்கும் பங்கு போடப்பட்டிருக்கிறது.

அந்தச் சுருக்கம் எந்த இடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உள்ள மொத்த வேலையும். கண்டுபிடித்துவிட்டால் பலருக்குச் செலவு மூன்று கேபிளோடு முடிந்துவிடும். கண்டுபிடிக்காமல் கடைக்குப் போனால் புது ஆம்ப்ளிஃபயர், புது சவுண்ட் கார்டு என்று வாங்கி வந்த பிறகும் பழைய சத்தமே கேட்கும்.

5.1 என்பதில் ஐந்து, முழு அலைவரிசை கொண்ட ஐந்து தடங்களைக் குறிக்கிறது: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது. புள்ளி ஒன்று என்பது இடி, வெடி போன்ற அடிச்சத்தத்துக்கென்றே ஒதுக்கிய தடம். அதன் எல்லை சுமார் 120 ஹெர்ட்ஸ் என்பதால் அதை முழு எண்ணாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். “பாட்டு வந்தால் காது கிழிகிறது, பேசினால் ஒன்றும் புரியவில்லை” என்று ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க நேர்வதற்கு ஒரு முக்கியக் காரணம், நடுத் தடம் தனக்குரிய ஸ்பீக்கருக்குப் போகாமல் இடது வலதில் கரைந்துபோவதுதான். தலைக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறப்பதைவிட, வசனம் தெளிவாகக் கேட்பதே 5.1-ஐச் சரியாக அமைப்பதால் கிடைக்கும் முதல் லாபம் என்பேன். காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பாருங்கள்

பெட்டியின் முன்பக்கம் 5.1 என்று அச்சிட்டிருப்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதைத் திருப்பி வைத்து, உள்ளே வரும் துளைகளை எண்ணுங்கள். ‘5.1 இன்புட்’ என்ற பெயரோடு ஆறு ஆர்சிஏ துளைகள் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஆறு தடங்களையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ள அதற்குத் தெரியும். ஆக்ஸ் என்று ஒரே ஒரு ஜோடித் துளையும், புளூடூத்தும், பென் டிரைவ் செருகும் இடமும் மட்டும் இருந்தால், அது இரண்டு தடங்களை வாங்கி ஆறு பெட்டிக்கும் பிரித்துக் கொடுக்கும் கருவி. அதில் ஆறு பெட்டி இருக்கலாம், ஆறு ஒலி இருக்க முடியாது. புளூடூத் வழியும் உதவாது. பாட்டுக் கேட்கப் பயன்படும் வழக்கமான புளூடூத் முறை இரண்டு தடத்துக்கு மேல் சுமப்பதில்லை.

குறைந்த செலவில் வாங்குவதென்றால் ஆறு துளை உள்ள பழைய ஏவி ரிசீவரைத் தேடுங்கள். எச்.டி.எம்.ஐ. இல்லாத ரிசீவர்களைப் பலர் இப்போது கழித்துக் கட்டுகிறார்கள். டிவிடி ஆடியோ காலத்தில் வந்தவை பலவற்றில் இந்த ஆறு துளை உண்டு. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அலைந்தால், கடைக்காரர்களே பூட்டித் தரும் 5.1 ஆம்ப்ளிஃபயர் போர்டுகளும் கிடைக்கும். எதை வாங்கினாலும் ஆறு துளையிலும் ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒரு தடம் செத்திருந்தாலும் பாட்டுப் போட்டுப் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது.

ஆக்ஸ் ஜோடி மட்டும் உள்ள ரிசீவராக இருந்தாலும் அதில் ‘ப்ரோ லாஜிக்’ என்ற பெயர் தென்பட்டால் தள்ளிவிட வேண்டாம். நடுவையும் பின்னையும் இரண்டு தடத்துக்குள் மறைத்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கும் பழைய டால்பி முறை அது. அப்படி மறைத்து அனுப்புவதற்கான மாதிரி அமைப்புக் கோப்பு, லினக்ஸின் இன்றைய ஒலி அமைப்பான பைப்வயரோடு வருகிறது. பிரிப்பு அவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆனால் வசனம் நடுவுக்கு வந்துவிடும்.

பிறகு கம்ப்யூட்டரின் முதுகு

டெஸ்க்டாப் மதர்போர்டில் பின்பக்கம் ஆறு ஜாக் இருந்தால் நிறமே வழி சொல்லும். பச்சை முன் ஜோடி, கறுப்பு பின் ஜோடி, ஆரஞ்சு நடுவும் சப்வூஃபரும். 3.5 மி.மீ. ஒரு முனை, இரண்டு ஆர்சிஏ மறுமுனை என்ற சாதாரண கேபிள் மூன்று வாங்கினால் போதும்.

மூன்றே ஜாக் இருக்கிறதே என்று பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுக்க, இளஞ்சிவப்பு மைக்குக்கு. ஆனால் அநேக மதர்போர்டுகளில் இருக்கும் ரியல்டெக் சிப்பால் இந்த ஜாக்குகளின் வேலையை மாற்றித் தர முடியும். நீலத்தைப் பின் ஜோடிக்கும் இளஞ்சிவப்பை நடுவுக்கும் சப்வூஃபருக்கும் திருப்பிவிடலாம். மைக்கை முன்பக்கத் துளையில் செருகிக்கொள்ளலாம். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த வழியை முயன்று பார்க்காமல் கார்டு வாங்கப் போகாதீர்கள்.

லேப்டாப்பில் இது நடக்காது. அதன் ஹெட்போன் துளை இரண்டு தடம்தான். அங்கே யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வேண்டும். வாங்கும்போதும் துளைகளைத்தான் எண்ண வேண்டும். ‘7.1’ என்று பெரிதாக அச்சிட்டு விரல் நீளத்தில் விற்கும் குச்சிகளில் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டே துளை இருக்கும். அந்த 7.1 வெறும் மென்பொருள் பாவனை, வெளியே வருவது இரண்டு தடம்தான். உண்மையான ஆறு தடக் கார்டு கொஞ்சம் பெரிய பெட்டியாக, ஸ்பீக்கருக்கென்று குறைந்தது மூன்று துளைகளோடு இருக்கும். சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்6206 சிப் கொண்ட மலிவான பெட்டிகளை லினக்ஸ் கெர்னலுக்கு நன்றாகவே தெரியும். டிரைவர் எதுவும் தேடி இறக்க வேண்டாம், செருகினால் போதும்.

சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, மூன்று சின்ன யூ.எஸ்.பி. குச்சிகளை வாங்கி மென்பொருளால் ஒன்றாகக் கட்டலாமே என்று தோன்றும். பைப்வயரில் அதற்கு வசதியும் உண்டு. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு கார்டும் தன் சொந்தப் படிகத்தின் துடிப்பில் ஓடுகிறது. ஒரே நேரத்தில் திருப்பி வைத்த இரண்டு சுவர்க் கடிகாரங்கள் போல அவை மெல்ல விலகும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி இடைவெளி விழுந்துவிடும். அதை மென்பொருள் ஓயாமல் இழுத்துப் பிடித்துச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே கார்டில் ஆறு தடமும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

லினக்ஸுக்குள்ளே

லினக்ஸ் என்றாலே ஒலித் தகராறு என்ற பேச்சு 2008 வாக்கில் பிறந்தது. அடித்தளத்தில் ஆல்சா இருந்தது. 1998-ல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய அந்த டிரைவர் தொகுப்பு 2003 முடிவில் வந்த கெர்னல் 2.6-ல் இடம்பிடித்தது. அதன்மேல் லென்னார்ட் பொட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ 2008-ல் உபுண்டுவுக்குள் வந்தபோது பல கணினிகளில் ஒலி திணறியது, விட்டுவிட்டுக் கேட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது ரெட் ஹேட்டைச் சேர்ந்த விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர். 2021-ல் ஃபெடோரா 34 இதை இயல்பான ஒலி அமைப்பாக எடுத்துக்கொண்டது, அடுத்த ஆண்டு உபுண்டு 22.10 எடுத்துக்கொண்டது. பழைய பல்ஸ்ஆடியோ கருவிகள் இதன்மீதும் அப்படியே வேலை செய்யும் என்பதால் பழகியவர்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

டெர்மினலைத் திறந்து ஆல்சாமிக்சரை ஓட்டுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுக்கத் தூண் தூணாக அளவுகள் நிற்கும். வலது அம்புக்குறியால் நகர்ந்து போனால் ‘சேனல் மோட்’ என்ற கட்டம் வரும். அதில் 2 சேனல் என்று இருக்கும், மேல் அம்புக்குறியால் அதை 6 சேனல் ஆக்க வேண்டும். மூன்று ஜாக் மதர்போர்டில் நீலமும் இளஞ்சிவப்பும் வேலை மாறுவது இந்த இடத்தில்தான். ‘சரவுண்ட்’, ‘சென்டர்’, ‘எல்எஃப்இ’ (சப்வூஃபர் தடம்) என்ற தூண்களின் அடியில் இரண்டு எம் எழுத்து தெரிந்தால் அவை ஊமையாக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். எம் விசையை அழுத்தி விடுவியுங்கள். ‘ஆட்டோ-மியூட்’ என்ற கட்டத்தையும் அணைத்துவிடுங்கள். முன்பக்கம் ஹெட்போன் செருகிய நொடியில் பின்பக்க ஸ்பீக்கர்கள் அத்தனையையும் அடக்குவது அதுதான். மாற்றியவற்றை ஆல்சாவின் ‘ஸ்டோர்’ கட்டளையால் சேமித்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

அடுத்து, பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற சின்னச் செயலியை நிறுவி, அதன் கடைசித் தாவலான ‘கான்ஃபிகரேஷன்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே கார்டின் பெயருக்குக் கீழே ‘அனலாக் ஸ்டீரியோ’ என்று இருக்கும். ஒலி பெரும்பாலும் சுருங்குவது இந்த வரியில்தான். எத்தனை ஜாக் இருந்தாலும், எத்தனை கேபிள் செருகினாலும், இந்த வரி ஸ்டீரியோவாக இருக்கும்வரை ஆறு தடப் படத்தையும் லினக்ஸ் இரண்டாக மடித்தே வெளியே அனுப்பும். அதை ‘அனலாக் சரவுண்ட் 5.1’ என்று மாற்றுங்கள். பக்கத்தில் ‘அன்பிளக்டு’ என்று காட்டினாலும் கவலைப்படாமல் தேர்ந்தெடுக்கலாம், சில ஜாக்குகளுக்குச் செருகியதை உணரத் தெரியாது.

இப்போது சோதனை. க்னோம், கேடிஇ இரண்டின் ஒலி அமைப்பிலும் ஸ்பீக்கர் சோதனைப் பொத்தான் உண்டு. டெர்மினலில் ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளைக்கு ஆறு சேனல், வேவ் கோப்பு என்று சொன்னால் ஒரு குரல் ஆங்கிலத்தில் ‘முன் இடது’, ‘நடு’, ‘முன் வலது’ என்று பெயர் சொல்லிக்கொண்டே பெட்டிகளைச் சுற்றி வரும். பெயரும் திசையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வழக்கமாக இங்கே ஒரு குளறுபடி வரும். ‘நடு’ என்ற குரல் சப்வூஃபருக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுவது போல் வரும். நடு ஸ்பீக்கரிலோ வெறும் உறுமல் கேட்கும். ஒரே ஜாக்கில் இரண்டு தடங்கள் பங்கு போடுவதால் சில கார்டுகளில் நடுவும் சப்வூஃபரும் இடம் மாறியிருக்கும். மென்பொருளில் தேட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் அந்த ஜோடியின் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகினால் தீர்ந்தது.

டிவி நடுவில் நின்றால்

எச்.டி.எம்.ஐ. உள்ள ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அந்த ஒரு கேபிளே எட்டுத் தடங்களைச் சுருக்காமல் சுமக்கும். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து ரிசீவருக்கும் என்று இணைத்தால் மாட்டிக்கொள்வோம். தனக்கு எத்தனை தடம் தெரியும் என்று எதிர்முனைக் கருவி சொல்வதை வைத்துத்தான் லினக்ஸ் தன் பட்டியலை அமைக்கிறது. பல டிவிகள் இரண்டு என்றே சொல்லும், பட்டியலில் 5.1 தோன்றவே தோன்றாது. கம்ப்யூட்டரை நேராக ரிசீவரில் செருகி, அங்கிருந்து படத்தை மட்டும் டிவிக்கு அனுப்புவதே சரியான வழி.

ஆப்டிகல் துளை மட்டும் உள்ள ரிசீவர் என்றால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் இரண்டு தடத்துக்கு விநாடிக்குச் சுமார் 15 லட்சம் பிட் ஆகும், ஆறு தடத்துக்கு 46 லட்சம். ஆப்டிகல் வழி இரண்டு தடத்துக்கென்றே வரையறுக்கப்பட்டது. ஆறையும் அனுப்ப டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கியாக வேண்டும். டிவிடியில் டால்பி டிஜிட்டல் விநாடிக்கு அதிகபட்சம் 4,48,000 பிட்டில் அடங்கிவிடும். படக் கோப்பே அந்த வடிவத்தில் இருந்தால் எம்பிவி, கோடி போன்ற பிளேயர்களில் ‘பாஸ்த்ரூ’ வசதியை இயக்குங்கள். கோப்பில் உள்ளபடியே ரிசீவருக்குப் போய், அங்கே பிரிக்கப்படும். அப்போது கம்ப்யூட்டரின் வால்யூம் வேலை செய்யாது, ரிசீவர் ரிமோட்டைத்தான் எடுக்க வேண்டும். விளையாட்டு போன்றவற்றின் ஒலியையும் அனுப்ப வேண்டுமென்றால், ஆறு தடத்தை ஓடும்போதே டால்பி டிஜிட்டலாக மாற்றும் ஏ52 இணைப்பு ஆல்சாவில் இருக்கிறது. கொஞ்சம் தாமதம் ஏற்படும் என்பதால் வேக விளையாட்டுக்கு அது பொருந்தாது.

படத்திலேயே இரண்டு தடம் என்றால்

பாதையெல்லாம் சரியாக இருந்தும் பின் ஸ்பீக்கர் மௌனமாக இருந்தால் கோப்பைச் சந்தேகப்படுங்கள். மீடியாஇன்ஃபோ செயலியில் போட்டால் ஒலி எத்தனை சேனல் என்று காட்டிவிடும். லினக்ஸ் உலாவியில் பார்க்கும் ஓடிடி படங்களும் யூடியூப் காணொளிகளும் பெரும்பாலும் இரண்டு தடமாகவே வந்து சேர்கின்றன. டிவிடி, புளூரே, அவற்றிலிருந்து எடுத்து வைத்த கோப்புகள் ஆகியவற்றில்தான் உண்மையான ஆறு தடம் பெரும்பாலும் கிடைக்கும்.

இரண்டை ஆறாக விரிக்க பைப்வயரில் ‘அப்மிக்ஸ்’ வசதி உண்டு. இடதும் வலதும் சேர்ந்ததை நடுவுக்குத் தரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில மில்லிவிநாடி தாமதித்துப் பின்னுக்குத் தரும். குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு ஒதுக்கவும் அதிலேயே எண் கொடுக்கலாம். படத்துக்கு இது நன்றாகவே இருக்கிறது. பாட்டுக்கு அணைத்துவிடுங்கள். இரண்டு தடத்துக்கென்று கலந்து முடித்த பாட்டில் வயலின் எங்கே, குரல் எங்கே என்பதெல்லாம் யோசித்து வைக்கப்பட்ட இடங்கள். அவற்றைப் பின் சுவர்வரை இழுத்துப் பரப்பினால் பாட்டு கலங்கிவிடும்.

ஹாலும் காதும்

இதன் பிறகு செய்யும் எந்தச் செலவும் ஸ்பீக்கர்களை நகர்த்தி வைப்பதற்கு ஈடாகாது. சர்வதேச ஒலிபரப்புத் தரம் சொல்லும் இடங்கள் இவை: உட்காரும் இடத்திலிருந்து பார்க்க, முன் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி விலகி, பின் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள். அதாவது பின் ஸ்பீக்கர் நேர் முதுகில் வேண்டியதில்லை, காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் வந்தால் போதும். சோஃபா சுவரை ஒட்டிக் கிடக்கும் நம் ஹால்களுக்கு இது பெரிய வசதி. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். முன் ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் இடையில் ஒரு ஜமக்காளம் விரித்தாலே வசனம் துலங்குவது தெரியும்.

ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிவிநாடி ஆகிறது. முன் ஸ்பீக்கர் மூன்று மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டரிலும் இருந்தால் பின்னொலி நான்கரை மில்லிவிநாடி முந்திக்கொள்ளும், காது அந்தப் பக்கமே இழுபடும். நல்ல ரிசீவர் இதைத் தானே சரிசெய்யும், ஆறு துளை வழியாக வரும் ஒலிக்குப் பல ரிசீவர்கள் செய்வதில்லை. சின்னப் பெட்டிகளால் தாங்க முடியாத அடிச்சத்தத்தைச் சப்வூஃபருக்குத் திருப்புவதும் அப்படித்தான் விடுபட்டுப்போகும். இரண்டையும் பைப்வயரின் ‘ஃபில்டர்-செயின்’ கோப்பில் தாமதமாகவும் வடிகட்டியாகவும் எழுதி வைக்கலாம். கையில் அளவு நாடா இருந்தால் ஒரு மாலை நேர வேலை.

ஆம்ப்ளிஃபயருக்கே வழியில்லாதவர்கள், அல்லது இரவில் வீடு தூங்கிய பிறகு படம் பார்ப்பவர்கள், இருக்கும் ஹெட்போனையே பயன்படுத்தலாம். அமெரிக்காவின் எம்ஐடியில் 1994-ல் கீமார் என்ற பொம்மைத் தலையின் காதுகளுக்குள் மைக் வைத்து, ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒலி எப்படி வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். அந்த அளவுகளைக் கொண்டு 5.1-ஐ இரண்டு காதுக்குள் அமைக்கும் மாதிரிக் கோப்பும் பைப்வயரோடு வருகிறது. அதை உங்கள் அமைப்பு அடைவுக்குப் பிரதி எடுத்து, கீமார் ஒலிக்கோப்பு இருக்கும் இடத்தை அதில் குறிப்பிட்டு, பைப்வயரை மறுபடி தொடங்கினால் ஒலிச் சாதனப் பட்டியலில் புதிதாக ஒரு 5.1 சாதனம் தோன்றும். பிளேயரின் ஒலியை அதற்குத் திருப்புங்கள். ஒவ்வொருவர் காதின் வடிவமும் வேறு என்பதால் சிலருக்குப் பின்னொலி தெளிவாகப் பின்னால் கேட்கும், சிலருக்குத் தலைக்கு மேலே கேட்கும். ஹெஸுவி என்ற விண்டோஸ் மென்பொருளுக்காகத் திரட்டிய இத்தகைய அளவுக் கோப்புகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றிரண்டை மாற்றிப் போட்டுக் கேட்டு, உங்கள் காதுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள்.